பிளாஸ்டரை இழுக்காதீர்கள்: ஆறாத காயங்களும் அதைச் சுற்றியிருக்கும் தோலும்

பிளாஸ்டரை ஒரே இழுவையில் இழுத்துவிட்டால் வலி குறைவு என்று எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். முழங்காலில் உரஞ்சுப்பட்ட பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விடயமில்லை. ஆனால், வருடக் கணக்காகப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கும், எரிகாயத் தழும்பு உள்ளவருக்கும், எழுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்கும் அதே இழுவை இன்னொரு காயத்தைக் கொடுத்துவிடும். பழைய புண்ணுக்குப் பக்கத்தில், அதுவரை நன்றாக இருந்த தோலில் புதிதாக ஒரு புண் வரும்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. வீட்டுக்குள் மருந்து கட்டும் வேலை இன்னும் முடியவில்லை. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காதவர்கள், காலை இழந்து செயற்கைக் கால் போடுபவர்கள், உடம்புக்குள் இன்னும் செல் துண்டுகளோடு இருப்பவர்கள், எரிகாயத் தழும்புகளோடு வாழ்பவர்கள் என வடக்கிலும் கிழக்கிலும் இல்லாத ஊர் இல்லை. இவர்களைப் பற்றி எழுதுவதற்காகப் போகும் வீடுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். புண்ணைப் பற்றிக் கதைக்கிறோம், மருந்தைப் பற்றிக் கதைக்கிறோம். புண்ணைச் சுற்றியிருக்கும் தோலைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. பிளாஸ்டர் ஒட்டுவதும், கழற்றுவதும், திரும்ப ஒட்டுவதும் அந்தத் தோலில்தான் நடக்கிறது.

நான் வைத்தியர் அல்ல. காயப் பராமரிப்பில் வேலை செய்யும் தாதியரிடம் கேட்டதையும், அந்தத் துறையின் வழிகாட்டல்களில் வாசித்ததையும் வீட்டில் செய்யக்கூடிய விதத்தில் இங்கே தருகிறேன். உங்கள் கிளினிக்கில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் உங்கள் காயத்தைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

தோல் ஏன் இவ்வளவு இலகுவாகக் கிழிகிறது?

எங்கள் தோலில் மேலே மெல்லிய மேற்தோலும் கீழே தடித்த உட்தோலும் இருக்கின்றன. இரண்டும் சும்மா ஒன்றின்மேல் ஒன்று வைக்கப்பட்டவை அல்ல. ஒரு முட்டை மட்டையின் மேல் இன்னொரு முட்டை மட்டையை அடுக்கினால் மேடும் பள்ளமும் பொருந்திப் பிடித்துக்கொள்ளும். தோலின் அடுக்குகளும் அப்படித்தான் பிடித்திருக்கின்றன. வயது போகப் போக அந்த மேடு பள்ளங்கள் தட்டையாகின்றன. பிடிமானம் குறைந்தபின் பக்கவாட்டாக இழுத்தால் மேலடுக்கு வழுக்கி உரிந்துவிடும்.

வயது மட்டும் காரணமில்லை. முட்டு வருத்தத்துக்கோ மூட்டு வாதத்துக்கோ நீண்ட காலம் ஸ்டீரொய்ட் மாத்திரை எடுப்பவர்களின் தோல் மெலிந்துவிடும். சலரோகம், புரதம் குறைந்த சாப்பாடு, சிறுநீரிலும் வியர்வையிலும் ஊறிக்கிடக்கும் தோல் என்பனவும் காரணங்கள்தான்.

போரில் காயப்பட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தழும்பு பழைய தோல் அல்ல. எவ்வளவு நன்றாக ஆறினாலும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் அது திரும்புவதில்லை. ஆழமான எரிகாயத் தழும்பில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அழிந்திருக்கும். அதனால் அது வறண்டு வெடிக்கும். இருபத்தைந்து வயதில் காயப்பட்டவர் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். இனித் தழும்பின்மேல் வயதும் ஏறப்போகிறது.

ஒட்டினால் வரும் காயம்

ஒவ்வொரு முறை பிளாஸ்டரைக் கழற்றும்போதும் மேற்தோலின் மெல்லிய படை ஒன்று அதனோடு வருகிறது. நல்ல தோல் அதைத் திரும்ப வளர்த்துவிடும். ஒரே இடத்தில் ஒவ்வொரு நாளும் ஒட்டிக் கழற்றினால் வளர நேரமிருக்காது. மருத்துவ ஒட்டுப்பொருட்களால் வரும் தோல் காயம் என்று இதற்குத் தனியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டரைக் கழற்றி அரை மணித்தியாலம் கடந்த பிறகும் சிவப்போ, கொப்புளமோ, உரிவோ மறையாமல் இருந்தால் அது காயம் என்பதே அவர்களின் கணக்கு.

எங்கள் நிறத்தில் சிவப்பு இலகுவாகத் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கல்லுப் போலவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

பிளாஸ்டரின் ஓரத்தில் கொப்புளம் போட்டிருந்தால் அதை இழுத்து இறுக்கி ஒட்டியிருக்கிறீர்கள், அல்லது ஒட்டிய பிறகு அந்த இடம் வீங்கியிருக்கிறது. தோல் வெளுத்து, கனநேரம் தண்ணீரில் நின்ற விரல் மாதிரிச் சுருங்கியிருந்தால் ஈரம் உள்ளே தங்கியிருக்கிறது. பிளாஸ்டர் இருந்த அளவுக்கே சரியாக ஒரு சதுரத்தில் கடியும் சிறு பருக்களும் வந்திருந்தால் அந்தப் பசை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. ஆகவே கழற்றியவுடன் திரும்ப மூடாமல் ஒரு நிமிடம் தோலைப் பாருங்கள்.

கழற்றுவது எப்படி?

கழற்றத் தொடங்க முன்னர் தேவையான எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வலி தெரிபவர்களுக்கு, வைத்தியர் அனுமதித்திருந்தால், அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் முன்னதாகப் பனடோல் கொடுக்கலாம். கழற்றத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

பிளாஸ்டரின் ஒரு மூலையை மெதுவாக நிமிண்டி எழுப்புங்கள். மற்றக் கையின் விரலால், பிளாஸ்டர் பிரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே தோலை மெல்ல அமத்திப் பிடியுங்கள். எழும்பிய மூலையை மேல் நோக்கி இழுக்க வேண்டாம். அதன் முதுகு மேலேயே மடித்து, தோலோடு ஒட்டினாற்போல், படுக்கையாகப் பின்னுக்குக் கொண்டு போங்கள். பிளாஸ்டர் பிரியப் பிரிய அமத்தும் விரலும் கூடவே நகர வேண்டும். மயிர் வளரும் திசையில், மெதுவாகக் கழற்றுங்கள். மேல் நோக்கி இழுக்கும்போது தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கேதான் கிழிகிறது.

இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் இரண்டு ஓரத்திலிருந்தும் புண்ணை நோக்கி வாருங்கள். புண்ணிலிருந்து வெளியே இழுத்தால் புண்ணின் வாய் விரியும். பொலித்தீன் மாதிரி ஒளி ஊடுருவும் மெல்லிய ஒட்டென்றால் முறை வேறு. அதன் ஓரத்தைப் பிடித்து, தோலுக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீட்டுங்கள். நீள நீள ஒட்டு தானாக விடும்.

பசை விடவில்லையென்றால் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்க வேண்டாம். மெலிந்த தோலை அது இன்னும் காயவைக்கும், எரிக்கும். ஒட்டைக் கழற்றுவதற்கென்றே மருந்துத் திரவங்கள் பெரிய பாமசிகளில் இருக்கின்றன. அது கிடைக்காவிட்டால் பிளாஸ்டரின் ஓரத்தில் கொஞ்சம் வசலின் அல்லது பேபி ஒயில் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். புண்ணுக்குள் போகவிட வேண்டாம். பிறகு எண்ணெய்ப் பசையைத் துடைத்து எடுத்தால்தான் அடுத்த பிளாஸ்டர் ஒட்டும்.

அடுத்தது கோஸ். புண்ணோடு காய்ந்து பிடித்திருக்கும் கோஸை ஒருபோதும் உலர்ந்தபடி இழுக்காதீர்கள். சேலைனை அதன்மேல் நன்றாக ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்போதும் வராவிட்டால் இன்னும் ஊற்றுங்கள்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் மகனுக்கு மருந்து கட்டும் அம்மா ஒருவரோடு இதைப் பற்றிக் கதைத்தேன். காய்ந்த கோஸை இழுத்தெடுத்து, இரத்தம் கசிந்தால்தான் புண் துப்புரவாகிறது என்று நம்பியிருந்தார். "அப்பிடித்தான் பிள்ளை அங்க காட்டித் தந்தவை. அவனுக்கு நோகாது, இடுப்புக்குக் கீழ உணர்வில்லை. பாக்கிற எனக்குத்தான் நோகும்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. ஈரக் கோஸை வைத்து, அது காய்ந்த பிறகு இழுத்தெடுத்து, அதனோடு செத்த சதையையும் எடுப்பது ஒரு காலத்தில் மருத்துவமனைகளில் வழமையான முறைதான். அழுகிய சதை நிறைந்த புண்ணுக்காக வந்த முறை அது. காய்ந்த கோஸுக்கு எது செத்த சதை, எது புதிதாக வளர்ந்த சதை என்று தெரியாது. இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வரும். புண் சிவந்து, சின்னச் சின்னக் குருணியாகச் சதை வளரத் தொடங்கியிருந்தால் அந்த இரத்தம் துப்புரவின் அடையாளமில்லை. நேற்று வளர்ந்தது இன்றைக்குப் போகிறது என்பதன் அடையாளம். வருடக் கணக்கில் ஆறாத புண்கள் சிலவற்றுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கழுவுதல்

சேலைன் போத்தல் வாங்க வசதியில்லாத நாளில் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லீற்றர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, 9 கிராம் உப்புப் போட்டு, மூடி ஆறவிடுங்கள். வழித்துத் தட்டையாக்கிய தேக்கரண்டியால் ஒன்றரைக் கரண்டி தூள் உப்பு ஏறத்தாழ அந்த அளவு வரும். வெதுவெதுப்பாகப் பாவியுங்கள். மிச்சத்தை அடுத்த நாளைக்கு வைக்காமல் ஊற்றிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

திறந்த புண்ணுக்குள் ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட், டெட்டோல் எதுவும் ஊற்ற வேண்டாம். அவை கிருமியோடு சேர்த்துப் புதிய கலங்களையும் கொல்லும். மஞ்சள், கோப்பித் தூள், பச்சிலை அரைப்புகளும் திறந்த புண்ணுக்குள் வேண்டாம். சுற்றியுள்ள தோலைத் துணியால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். விரல் இடுக்கு, தொடை இடுக்கு, மடிப்புகளை விட்டுவிட வேண்டாம்.

திரும்பக் கட்டும்போது

கோஸ் புண்ணில் ஒட்டாமலிருக்க இடையில் வசலின் ஊறிய வலைக் கோஸ் வைக்கலாம். அதையும் கன நாள் விட்டால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சிலிக்கன் பூசிய மருந்துக்கட்டுகள் மெலிந்த தோலுக்கு மிகவும் நல்லவை, ஆனால் விலை கூட. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளிலேயே அடிப்படைப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டோம். அதனால் செலவில்லாத வழிகளையும் சொல்கிறேன்.

மிகவும் மலிவான வழி, பிளாஸ்டரே ஒட்டாமல் விடுவது. கையிலோ காலிலோ புண் என்றால் கோஸின் மேல் பண்டேஜ் சுற்றி, பிளாஸ்டரைப் பண்டேஜின் மேல் ஒட்டுங்கள், தோலில் வேண்டாம். சுற்றும்போது விரல் பக்கத்திலிருந்து மேல் நோக்கிச் சுற்றுங்கள். இறுக்கக் கூடாது. விரல்கள் குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, வீங்கினாலோ உடனே தளர்த்துங்கள்.

பிளாஸ்டர் போட்டே ஆக வேண்டிய இடமென்றால் முதலில் தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டரை நீட்டி இழுத்து ஒட்டாமல், அப்படியே வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். நேற்று ஒட்டிய அதே கோட்டில் இன்று ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள். மயிர் இருந்தால் சவரம் செய்யாமல் கத்தரியால் கட்டையாக வெட்டுங்கள். சவரக் கத்தியின் சிறு கீறல்களில் கிருமி போகும். கடதாசிப் பிளாஸ்டர் துணிப் பிளாஸ்டரைவிட மென்மையானது. ஈரம் கசியும் புண்ணென்றால் அதைச் சுற்றியுள்ள தோலில் வசலினோ சிங்க் களிம்போ மெல்லிதாகப் பூசினால் தோல் ஊறாது. பூசிய இடத்தில் பிளாஸ்டர் பிடிக்காது என்பதால் அதற்கு வெளியே ஒட்டுங்கள்.

இன்னொன்று, மருந்து கட்டும் தடவைகள். ஒவ்வொரு நாளும் மாற்றினால்தான் நல்ல கவனிப்பு என்றில்லை. ஊறி வெளியே வந்துவிட்டதா, மணக்கிறதா, கழன்றுவிட்டதா, மலசலம் பட்டுவிட்டதா, அப்படியென்றால் உடனே மாற்ற வேண்டும். துப்புரவாக, ஈரம் குறைவாக இருக்கும் புண்ணை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். தவிர்க்கும் ஒவ்வொரு கழற்றலும் தோலுக்கு ஓய்வு.

தோல் கிழிந்துவிட்டால்

பதற வேண்டாம். துப்புரவான துணியால் அமத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். சேலைனால் கழுவுங்கள். கிழிந்த தோல் ஓரமாகச் சுருண்டு கிடந்தால் வெட்டி எறியாதீர்கள். உடம்புக்கு அதைவிட நல்ல மூடி கிடையாது. நனைத்த கோஸால் மெதுவாகத் தள்ளி, இழுத்து நீட்டாமல், வரும் அளவுக்குப் பழைய இடத்தில் விரித்து விடுங்கள். மேலே வசலின் வலைக் கோஸ், அதற்கு மேலே சாதாரண கோஸ், பிறகு பண்டேஜ். மேல் கட்டில் பேனையால் ஓர் அம்புக்குறி போடுங்கள். கிழிந்த தோலின் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து விட்டுப்போன பக்கத்துக்கு அது காட்ட வேண்டும். அடுத்த முறை கழற்றுபவர் அந்தத் திசையில் கழற்றினால் தோல் திரும்ப எழும்பாது. கிழிவு பெரிதென்றால், இரத்தம் நிற்காவிட்டால், தோல் கறுத்துப் போனால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கிழியாமல் தடுக்க மலிவான ஒரு வழி இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கை கால்களில் தினமும் இரண்டு வேளை ஈரப்பதக் களிம்பு பூசியவர்களுக்குத் தோல் கிழிவுகள் கிட்டத்தட்ட அரைவாசியாகக் குறைந்தன. வாசனையில்லாத எந்தச் சாதாரணக் களிம்பும் போதும். குளித்து ஒற்றியெடுத்தவுடன், தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள்.

உணர்வில்லாத தோல்

வலி எச்சரிக்கை மணி. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு அந்த மணி அடிக்காது. ஆகவே அவரின் கண்ணும் பராமரிப்பவரின் கண்ணும்தான் மணி. ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பின்பக்கம், இடுப்பெலும்பு, குதிக்கால் எல்லாவற்றையும் தினமும் அவரே பார்க்கட்டும்.

இதில் அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்தும் உண்டு. நெஞ்செலும்பின் கீழ் நுனி மட்டத்துக்கோ அதற்கு மேலேயோ வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உணராத இடத்தில் நடக்கும் இழுவையும் குத்தலும் கூட இரத்த அழுத்தத்தைச் சடுதியாக ஏற்றிவிடலாம். மருந்து கட்டும்போது திடீரென்று தலை இடித்தால், முகமும் கழுத்தும் வியர்த்தால், முகம் சிவந்தால் உடனே நிறுத்துங்கள். ஆளை நிமிர்த்தி இருத்துங்கள். இறுக்கமான உடுப்பையும் கட்டையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இது உயிராபத்தான நிலை.

படுக்கைப் புண்ணுக்கு எவ்வளவு கவனமாக மருந்து கட்டினாலும், அந்த இடத்தின் அழுத்தம் குறையாவிட்டால் ஆறாது. படுக்கையில் ஆளை இழுக்காமல் தூக்கி அல்லது உருட்டி நகர்த்துங்கள். விரிப்பில் இழுபடும் தோலுக்கும் பிளாஸ்டரில் இழுபடும் தோலுக்கும் ஒரே கதைதான்.

தள்ளிப்போடக் கூடாதவை

காய்ச்சல், நடுக்கம், புண்ணைச் சுற்றிப் பரவும் சூடும் வீக்கமும், கெட்ட மணம், கூடிக்கொண்டு போகும் சீழ், புண்ணுக்குள் எலும்பு தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

மூடி, திறந்து, மூடி, திறந்து கொண்டேயிருக்கும் பழைய செல் காயத்தின் உள்ளே துண்டோ, கிருமி பிடித்த எலும்போ இருக்கலாம். மேலே எவ்வளவு மருந்து கட்டினாலும் அது தீராது. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது இது. பல வருடங்களாக ஆறாத புண்ணிலும் பழைய எரிகாயத் தழும்பிலும் அரிதாகத் தோல் புற்றுநோய் வரலாம். புண்ணின் ஓரம் தடித்து உருண்டு வருவது, பூக்கோவா மாதிரிச் சதை வளர்வது, தொட்டவுடன் இரத்தம் வருவது, மணமோ வலியோ புதிதாக மாறுவது அதன் அடையாளங்கள். சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். போர் முடிந்து இத்தனை வருடங்களான பிறகு இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் வரிசையில் நின்று, மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மூன்று கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? புண்ணில் ஒட்டாத கோஸ் இங்கே இருக்கிறதா? கழற்றும் விதத்தை ஒருமுறை எனக்குச் செய்து காட்டுவீர்களா? மருந்து கட்டும் அம்மாவுக்கோ மனைவிக்கோ வயது போய்விட்டதென்றால், அந்த வேலையை இன்னொருவரும் பழகட்டும். அந்த நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.